வெள்ளை வேட்டியும் தாழஞ்சேற்றுக் கல்லும்

சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பின்வேலியை அளக்க சர்வே ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் ஒரு கம்பு, கம்பின் தலையில் காளான் மாதிரி ஒரு கருவி. ஆகாயத்தில் சுற்றும் சாட்டிலைட்டைக் கேட்டு, நிலத்தின் மூலை எங்கே என்று அது சொல்லிவிடுமாம். நான் உள்ளே போய்ப் பால் விடாத கட்டன் சாயா போட்டு எடுத்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் நான் இதே வேலைக்குச் சங்கிலி இழுத்தவன் என்று தெரிந்ததும், வந்தவர்களில் சௌம்யா என்ற பெண் சர்வேயர் சாயாவோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். தாழஞ்சேறு கேஸில் சேற்றுக்குள் இறங்கிய தாசையன் நீங்களா என்று கேட்டாள். ஆபீசில் இப்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம், ஆளுக்கு ஒரு விதமாக. ஒருவர் சொல்லும் கதையில் நான் முதலைமேல் ஏறி நின்றேனாம். இனியும் விட்டால் முதலை இரண்டாகிவிடும் என்று பயந்து எழுத உட்கார்ந்தேன். வாசகசாலை மலருக்கு ஏதாவது தாரும் என்று செயலாளரும் இரண்டு வருடமாகக் கேட்கிறார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துத் தமிழ், சபைப் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் பலசரக்குக் கடைப் பொட்டலங்களிலிருந்தும் வந்தது. மலையாளத்தை ஆபீஸ் கொடுத்தது, வேலை மலையாளச் சர்க்காரில் ஆனதால். மனிதர்கள் சொல்லும் பேச்சை மட்டும் நானாகப் பொறுக்கினேன். நிலம் அளக்கப் போகிற இடத்தில் யாராவது காதுக்கு ருசியாக ஒன்று சொன்னால், என் சட்டைப்பை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். அப்படிப் பதினாலு நோட்டு உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் பேச்செல்லாம் அவற்றிலிருந்து எடுத்ததாக்கும்.

செயின்மேன் என்றால் சர்வேயருக்கு முன்னால் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போகிறவன். முட்காடு வெட்டுவது, பழைய சர்வே கல்லைத் தேடிப் பிடிப்பது, அதன் தலையில் கொடிக்கம்பை ஆடாமல் பிடித்து நிற்பது, இவ்வளவும் அவன் பாடு. சர்வேயர் தூரத்திலிருந்து கேட்பார், கல் உண்டா என்று. "கல் உண்டு சார்" என்று நான் கூவினால் அவர் புத்தகத்தில் எழுதுவார். அவர் எழுதியது பிறகு கோர்ட்டு வரைக்கும் போகும். சர்க்கார் காகிதத்தின் அடியில் கடைசியாக இருப்பது ஒரு செயின்மேனின் தொண்டை.

தொழில் படித்த கதையை நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும், பிறகு தேவைப்படும். முதல் வருடம் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு ரப்பர் சரிவை அளந்தோம். நான் சங்கிலியைச் சரிவோடு சரிவாகப் படுக்கவிட்டு இழுத்தேன். அப்படி இழுத்தால் சங்கிலி மேடு பள்ளத்தையும் சேர்த்து அளந்துவிடும், நிலம் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். கயிறு கட்டின மாதிரி மட்டமாக, விறைப்பாகப் பிடிக்கவேண்டும். சர்வேயர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நிலத்துக்காரர் இடையில் வந்தார். "பிள்ளையைத் திட்டாதீங்க சார். எனக்க அப்பன் வெட்டி வச்ச பூமியில ரெண்டு வாழைக்கு இடம் கூட்டித் தந்திருக்கான்." என் முதல் நோட்டின் முதல் வரி அது.

இனி தாழஞ்சேறு.

நெய்யாறு கடலைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, காயல் என்கிற உப்பங்கழியின் ஓரம் கிடக்கிற சதுப்பு அது. இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குப் பின்னால் புது வீடுகளும் பெட்ரோல் பம்ப்பும். அந்தப் பக்கம் காயலை ஒட்டி ஒரு மண்வரம்பு, படகு அடுக்கிற கடவுக்குப் போகிறவர்கள் நடக்கிற வழி. இரண்டுக்கும் நடுவில் கண்டல் மரங்கள், வேர்களை முழங்கால் மாதிரி மடக்கிக்கொண்டு சேற்றில் நிற்கும். ஆற்றின் வாயை அடைக்கிற மணல்திட்டு திறந்திருக்கும் மாதங்களில், கடல் வெள்ளம் தினம் இரண்டு தடவை உள்ளே ஏறும், இரண்டு தடவை இறங்கும். இறங்கும் நேரத்தில் பெண்கள் கூடையோடு வந்து கக்கா என்கிற சிப்பியைக் காலால் தடவி எடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சேற்றால்தான்.

தோப்பு பட்டா நிலம், சேறு சர்க்கார் புறம்போக்கு. இரண்டையும் பிரிக்கும் மூலைக்கல் கண்டலுக்குள் எங்கோ நின்றது. வேலையில் சேர்ந்து பன்னிரண்டாம் வருடம் அந்தக் கல்லைத் தேடிப் போனோம்.

அன்றைக்கு மூன்று மணிக்கு என் மனைவியின் தங்கைக்குக் கல்யாண நிச்சயம். வேலை முடிந்து நேராகப் போய்விடலாம் என்று புது வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டே வந்துவிட்டேன். என் வேலைக்கு அப்படி உடுத்தினதே முதல் தப்பு. சர்வேயர் வயதானவர், கண் மங்கல். தோப்பு ஓரம் குடைக்கீழ் உட்கார்ந்திருந்தார். நான் சேற்றில் இறங்கவேண்டிய ஆள், வரம்பைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றேன். உள்ளே பார்த்தேன். கறுப்புச் சேறு இடுப்பளவு கிடந்தது. வேட்டியைப் பார்த்தேன். கால் பக்கத்தில், வரம்பின்மேல், துணி அலக்குகிற, அதாவது துவைக்கிற, கல் ஒன்று கிடந்தது.

"கல் உண்டு சார்" என்று கூவினேன்.

அவர் எழுதிக்கொண்டார். பழைய அளவோடு ஒத்துவரவில்லை. பழைய அளவில்தான் பிழை என்று அதையும் எழுதி முடித்தார். என் கண்ணை நம்பினார், பாவம். மூன்று மணிக்கு நிச்சய வீட்டில் என் வேட்டியை எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்த ஒரு கூவலில், கல் தோப்போரக் கண்டலிலிருந்து காயல்கரைக்குத் தாவிவிட்டது. நடுவில் கிடந்த சேறு முழுவதும் வரைபடத்தில் தோப்புக்காரருடைய கரைநிலம் ஆகிவிட்டது.

பதினெட்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. சேறு சேறாகவே கிடந்தது. நான் மறந்துபோனேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய். அந்த வழி பஸ்ஸில் போகும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலில் உட்காருவேன்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது அந்த ஃபைல் மேசைக்கு வந்தது. தோப்பை வாங்கிய ஒரு கம்பெனி ரிசார்ட் கட்டப் போகிறதாம். தாழஞ்சேறு எங்கள் பட்டாவுக்குள் உள்ளது, கடல் வெள்ளம் ஏறாத கரைநிலம், மண்ணிட்டு நிரப்ப அனுமதி வேண்டும் என்று மனு. ஆதாரமாக வைத்திருந்தது எங்கள் வரைபடம், என்னுடைய கல்.

அப்போது எங்கள் ஹெட் சர்வேயர் பிரேமலதா மேடம். நெடுமங்காட்டுப் பக்கத்துக்காரர். அவர் மலையாளத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், ஒருநாளும் ஒரு சந்தேகம் வந்ததில்லை. மேடத்தின் முறைகளைச் சொல்லவேண்டும். நிலத்தில் பேனா எடுக்கமாட்டார், மூன்று பென்சில், மூன்றும் அன்று காலையில் சீவினது. நிலத்துக்காரர் போட்ட நாற்காலியில் உட்காரமாட்டார். இளநீர் வெட்டித் தந்தால், புத்தகம் மூடட்டும் என்பார். மூடினதும், நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். ஒரே கேள்வியை அளப்பதற்கு முன் ஒருமுறை, அளந்த பின் ஒருமுறை கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றானால்தான் எழுதுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார்.

முதல் பரிசோதனைக்கு நாள் குறித்ததில் கம்பெனி மானேஜர் மிக உதவியாக இருந்தார். நாங்கள் காலண்டரில் லீவு உண்டா என்று மட்டும் பார்த்தோம். அவர் திதி பார்த்திருக்கிறார். அது அஷ்டமி. அன்று வெள்ளம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சேற்றின்மேல் முழங்கால் உயரம் கலங்கலாகக் கிடந்து ஒரே நிலையில் தூங்கியது. காலையிலும் அதே, மாலையிலும் அதே. பாருங்கள் மேடம், கடல் வருகிறதா, இது மழை தேங்கின தண்ணீர் என்றார் மானேஜர். பிறகு எல்லாரையும் வரம்புக்குக் கூட்டிப்போய் அலக்குக் கல்லைக் காட்டினார். உங்கள் ஆபீஸ் கண்டுபிடித்த கல், உங்கள் செயின்மேனே இங்கே நிற்கிறார் என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். இதுதானா அந்தக் கல்?

நான் வாய் திறக்கும் முன்னால் கக்கா கூடையோடு நின்ற ஒருத்தி பேசினாள். சரோஜம் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். "அது எனக்க அம்மை துணி அலக்கின கல்லாக்கும்."

மானேஜரின் ஆட்கள் சிரித்தார்கள். சர்க்காரைவிட இவளுக்குத் தெரியுமாம் என்றான் ஒருவன். சரோஜம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அண்ணா, நீரு அண்ணு வெள்ள வேட்டி உடுத்திட்டு வந்தீரு. நான் அந்தத் தாழைக்க பக்கத்துல நின்னேன். எனக்கு நல்ல ஓர்மை உண்டு."

பழைய புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்று முனகினேன். மேடம் எதையும் எழுதாமல் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். மேடம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். வேட்டியிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். என் ஓய்வுக் காகிதங்கள் அதே மேசையில் கட்டாக இருந்தன. ஒரு பொய்க் கல்லுக்காக அவற்றை அப்படியே நிறுத்தி வைக்கலாம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அந்தப் பென்சிலைச் சீவி முடித்தார். நுனியை ஊதினார்.

"உண்மையான கல் எங்கே?"

"நான் பாக்கல மேடம். ஒருநாளும் பாக்கல."

அப்படியானால் நீ சொன்னது பாதிதான் என்றார். ஒரு கல் பொய் என்று சொல்வது சுலபம், மெய்க்கல்லைக் காட்டாதவரை அவர்கள் காகிதம்தான் ஜெயிக்கும். முதலில் சொன்னதை எழுதித் தா என்றார். எழுதித் தந்தேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். வேட்டியை விட்டுவிட்டாய், காரணத்தையும் எழுது. மறுபடி எழுதினேன். கல்யாண நிச்சயம் என்று எழுதியிருந்ததை அடித்து, சேற்றில் இறங்க மனமில்லாமல் என்று எழுதச் சொன்னார். அந்த மூன்று சொல்லை எழுத எனக்கு அரைமணிக்கூர் ஆயிற்று.

அன்று சாயங்காலமே சரோஜத்தைத் தேடிப் போனேன். கடவில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சைத் தயாராக்கிக்கொண்டு போயிருந்தேன். அவள் அதற்கு இடமே தரவில்லை. "எப்ப வாறீரு, அதைச் சொல்லும்" என்றாள். வெள்ளம் நல்லா இறங்குகிற நாள் எது என்று கேட்டேன். வாவு கழிந்த மறுநாள் என்றாள். வாவு என்றால் எங்களுக்கு அமாவாசை. அன்று காலையில் சேறு முழுக்க வெளியே கிடக்கும், உச்சி திரும்பினால் முழுக்க உள்ளே போகும். அஷ்டமி வெள்ளத்தைப் பற்றி அவள் சொன்னது என் கடைசி நோட்டில் உண்டு: "அது புது மருமவனை மாதிரி அண்ணா. வரவும் மாட்டான், வந்தா போவவும் மாட்டான்."

மேடம் வாவுக்கு மறுநாளையே குறித்தார். மானேஜர் அந்த நாள் வசதியில்லை என்று எழுதினார். ஆபீசுக்கு வசதி என்று மேடம் ஒரு வரியில் பதில் அனுப்பினார்.

காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சரோஜம் சொன்ன மாதிரியே காயல் பின்வாங்கிப் போயிருந்தது. கண்டல் வேர்கள் முழுசாக வெளியே நின்றன. நண்டுகள் வெயில் காய்ந்தன. மானேஜர் ஆட்களோடும் கம்பெனி வக்கீலோடும் வந்து, சேறு காய்ந்து இறுகின ஒரு மேட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேடத்துக்கும் ஒன்று போட்டார்கள். மேடம் அதில் தன் குடையை வைத்தார்.

தோப்பில் இரண்டு கல் பழையபடி நின்றன. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாம் கல் எத்தனை தூரம் என்று பழைய புத்தகத்தில் உண்டு. இரண்டு தூரத்தையும் இழுத்து, சேரும் இடத்தில் தோண்டவேண்டும். நான் காக்கி நிக்கரோடு இறங்கினேன். ஐம்பத்தைந்து வயதில் இடுப்பளவு சேறு என்பது சாதாரண காரியமில்லை. ஒரு காலை எடுத்தால் மற்றது கேட்கும், என்னை யாரிடம் விட்டுப் போகிறாய் என்று. சங்கிலி நுனி சேர்ந்த இடத்தில் இரும்புக் கம்பியைக் குத்தினேன். வேர். மறுபடி குத்தினேன். சேறு. ஒரு மணிக்கூர் குத்தினேன். கம்பி மடங்கியது, கல் இல்லை.

மானேஜர் நாற்காலியில் இருந்தபடி, பாவம் பெரியவரை வெளியே எடுங்கள் என்றார். வெள்ளம் திரும்பும் நேரம் நெருங்கியது. வேர்களின் அடியில் மெல்ல மினுமினுப்பு வர ஆரம்பித்தது.

சரோஜம் கூடையை வரம்பில் வைத்துவிட்டு இறங்கினாள். நேராக என்னைத் தாண்டிப் போய், நாலு அடி தள்ளி நின்றாள்.

"இஞ்ச காலுக்குக் கட்டியா ஒரு உறைப்பு உண்டு அண்ணா. கூடை கனத்தா நான் இதுலதான் சவிட்டி நிப்பேன். கல்லா மரமா எனக்குத் தெரியாது. எனக்க காலுக்குத் தெரியும்."

கம்பெனி வக்கீல் உடனே எழுந்தார். அளவு ஓரிடத்தில், காட்டுவது வேறிடத்தில், இதை எப்படி எழுதுவீர்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். காலுக்குத் தெரிந்ததை சர்வே புத்தகத்தில் எழுத முடியாது. மேடம் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். யார்மேல் கோபம் என்று தெரியாமல் நான் குனிந்தேன். குனிந்த இடத்தில் சங்கிலி கிடந்தது. வேர் முட்டுகளின்மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பாம்பு மாதிரிக் கிடந்தது.

ஒற்றசேகரமங்கலம்.

"மேடம், செயின் வேருக்க மேல ஏறிக் கெடக்கு. நீளத்தை அது தின்னிருக்கும். மட்டமா பிடிச்சா இன்னும் தூரம் போவும்" என்றேன்.

மேடம் சீவுவதை நிறுத்தினார். தூக்கிப் பிடிங்கோ என்றார். யார் பிடிப்பது? சரோஜம் வரம்பைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தாள். கக்கா பெண்கள் ஆறேழு பேர் இறங்கினார்கள். வேர்களுக்கு மேலே, மார்பு உயரத்தில், கல்யாணப் பந்தலுக்குக் கயிறு கட்டின மாதிரி சங்கிலியை விறைப்பாகப் பிடித்தார்கள். மேடம் தோப்பிலிருந்து ஒவ்வொருத்தியின் கையையும் மட்டம் பார்த்தார், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று. முதல் கல்லிலிருந்து ஒரு இழுப்பு. இரண்டாம் கல்லிலிருந்து ஒரு இழுப்பு. இரண்டு நுனியும் வந்து சேர்ந்தது சரோஜத்தின் வயிற்றுக்கு நேரே.

அவள் விலகினாள். நான் கையை விட்டேன், தோள் வரைக்கும். விரலில் பாறை தட்டியது. நாலு மூலை. தலையில் உளியால் வெட்டின பெருக்கல் குறி. அதைத் தடவிப் பார்த்தபோது, பதினெட்டு வருடமாக என்மேல் கிடந்த ஒன்று கழன்று சேற்றில் விழுந்தது.

தோப்பிலிருந்து மேடம் கேட்டார், கல் உண்டா என்று. அவர் முறைப்படி இரண்டு தடவை கேட்டார். நானும் இரண்டு தடவை கூவினேன்.

"கல் உண்டு மேடம். கல் உண்டு."

சேற்றைக் கோரி ஒதுக்கி, வக்கீலுக்கும் காட்டி, எழுதி முடிக்கும்போது பதினொன்று. மானேஜர் எழுந்தார். மேடம் கையால் உட்காரச் சொன்னார். கடல் வெள்ளம் ஏறாத நிலம் என்று மனுவில் இருக்கிறதே, அதையும் பார்த்துவிடுவோம் என்றார். நாங்கள் தோப்பில் பொதிச்சோறு பிரித்தோம். பெண்கள் கப்பக்கிழங்கும் கக்காக் கறியும் கொண்டுவந்தார்கள். புத்தகம் இன்னும் மூடவில்லை என்று மேடம் அதையும் தொடவில்லை.

வெள்ளம் சத்தமில்லாமல் வந்தது. முதலில் நண்டு வளை நிறைந்தது. பிறகு வேர் முட்டு. கல்லின் தலை நனைந்தது, மூழ்கியது. இரண்டு மணிக்கு மானேஜரின் மேடு போயிற்று. அவர் கௌரவம் பார்த்து உட்கார்ந்தே இருந்தார். நாற்காலியின் பின்கால்கள் இளகின சேற்றில் மெல்ல இறங்க, ஆள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்துகொண்டே போனார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். நாற்காலி மட்டும் மிதந்து தோப்புப் பக்கம் போனது. சரோஜம் என் காதில் சொன்னாள்: "மழை வெள்ளமாக்கும். பாவம், கடலுக்கு வழி தெரியாம வந்திருக்கு."

மேடம் நேரத்தையும் நீரின் உயரத்தையும் எழுதி, புத்தகத்தை மூடினார். மூடின கையோடு ஒரு கிண்ணம் கக்காக் கறி வாங்கிச் சாப்பிட்டார். அவர் நிலத்தில் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அனுமதி மறுக்கப்பட்டது. வரைபடம் திருத்தப்பட்டது; தாழஞ்சேறு வெள்ளம் ஏறி இறங்கும் புறம்போக்கு என்று காகிதத்தில் ஏறியது. எனக்கும் ஒரு காகிதம் வந்தது. கடமையில் தவறியதற்காக எழுத்துமூலம் கண்டிக்கப்படுகிறார் என்று. தானாக முன்வந்து சொன்னதால் இதோடு நிறுத்தப்படுகிறது என்று அடியில் மேடத்தின் கையெழுத்து. ஓய்வு நாளில் கிடைத்த சால்வை எங்கே என்று எனக்குத் தெரியாது. இந்தக் காகிதத்தை லேமினேட் செய்து, முன்னறையில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறாள். வருகிறவர்கள் முதலில் வாசிப்பது அதைத்தான்.

சௌம்யா சாயாக் கிளாசை வைத்துவிட்டு, அடுத்த வாரம் தாழஞ்சேற்றை அந்தக் காளான் கருவியில் ஏற்றப் போகிறோம், வருகிறீர்களா என்று கேட்டாள். போனேன். வேட்டி இல்லை, நிக்கர்தான். சாட்டிலைட் சொன்ன இடத்தில் உள்ளே கல் நிற்கிறதா என்று ஆள் இறங்கிப் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்கு இன்னும் கருவி வரவில்லை. நான் நிக்கரை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனேன். வரம்பிலிருந்து சௌம்யா உள்ளே பார்த்துக் கூவினாள், கல் உண்டா மாமா என்று.

கண்டலுக்கு உள்ளேயிருந்து, எனக்கு முன்னால், பதில் வந்தது.

"உண்டு பிள்ளே. நான் அதுக்க மேலதான் நிக்கேன்."